நர்ஸ் படிப்பு ஆறுதல் பரிசா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த நேரத்தில், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் நர்ஸாக இருக்கும் என் அத்தையிடமிருந்து போன் வந்தது. "அம்மா, எனக்கு வேலை மாறியிருக்கிறது. இனிமேல் வார்டில் இல்லை. நான் இப்போது கேஸ் மானேஜர்" என்று அத்தை சந்தோஷமாகச் சொன்னார்கள். போனை வைத்ததும் ஆச்சியின் முகம் வாடிவிட்டது. "நாலு வருஷம் நர்ஸ் படிப்புப் படித்துவிட்டு, கடைசியில் கேஸ் சிலிண்டர் கம்பெனியிலா வேலை?" என்று வருந்தினார்கள். தாத்தா உடனே, "அந்தக் கேஸ் இல்லை, கோர்ட்டுக் கேஸாக இருக்கும். அந்த ஊரில் தொட்டதற்கெல்லாம் வழக்குப் போடுவார்களாம்" என்றார்கள். எனக்கு அப்போது 11 வயது. நானும் சிலிண்டர் பக்கமே சாய்ந்தேன்.

அன்று சிரிப்போடு கேட்ட அந்தச் சொல்லின் உண்மைப் பொருள், சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு துன்பத்தின்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வேலை என்ன, அதற்கு வேண்டிய படிப்பும் அனுபவமும் எவை, நர்ஸ் படிப்பைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் எண்ணம் சரிதானா என்பவை குறித்து என் கருத்தை இங்கே எழுதத் துணிகிறேன். சிறியவள் சொல்லில் பிழை இருந்தால் பெரியோர் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆச்சி வீடு திரும்பிய கதை

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆச்சி எங்கள் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நகரிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். மிக நன்றாகவே செய்தார்கள்; அதற்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். எட்டாம் நாள் சனிக்கிழமை மதியம், "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னார்கள். அப்போதுதான் தொல்லை தொடங்கியது.

பணம் கட்ட ஒரு ஜன்னல், மருந்து வாங்க இன்னொரு ஜன்னல், எக்ஸ்ரே படங்களை வாங்க மூன்றாவது ஜன்னல். அப்பா மூன்றுக்கும் ஓடினார்கள். நான்கு பக்க ஆங்கிலத் தாளும், ஒரு பை நிறைய மாத்திரைகளும், இரத்தம் உறையாமலிருக்கப் போட வேண்டிய ஊசி மருந்தும் எங்கள் கையில் வந்து சேர்ந்தன. அந்த ஊசியை வீட்டில் யார் போடுவது? தையலை எத்தனையாம் நாள் பிரிப்பது? வாக்கரை வைத்துக்கொண்டு எங்கள் வாசலின் மூன்று படிகளை எப்படி ஏறுவது? கேட்பதற்கு ஆள் இல்லை. வார்டில் அன்று ஒரே ஒரு நர்ஸ்தான் இருந்தார். அவரை நான்கு கட்டிலிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆச்சி பல வருடங்களாக எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள ஒரு டாக்டரிடம் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய மாத்திரையையும் விடவில்லை, புதிய மாத்திரைகளையும் விடவில்லை. நாள் தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். சில நாட்களில் இரண்டு கால்களும் வீங்கின. ஆபரேஷன் செய்ததால் வீங்குகிறது என்று எண்ணிக்கொண்டோம். ஒரு நாள் காலையில் வாக்கரைப் பிடித்து எழுந்த ஆச்சி, "கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறதே" என்று சொல்லிக்கொண்டே சரிந்தார்கள். அம்மா தாங்கிப் பிடித்ததால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆச்சிக்குத் தம் கால்மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போய்விட்டது. இன்றும் தனியே நடக்க அஞ்சுகிறார்கள்.

அன்றிரவு அத்தை வீடியோவில் வந்தார்கள். அழவில்லை, பதறவில்லை. "வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டு. ஒவ்வோர் அட்டையாகப் பின்பக்கத்தைக் காமிரா முன்னால் பிடி. கம்பெனிப் பெயர் எனக்கு வேண்டாம், கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரைப் படி" என்று என்னிடம் சொன்னார்கள். நான் படித்துக்கொண்டே வந்தேன். பழைய அட்டையில் அம்லோடிபின் என்று இருந்தது. வேறு நிறத்தில், வேறு பெயரில் இருந்த புதிய அட்டையிலும் சின்ன எழுத்தில் அம்லோடிபின் என்றே இருந்தது. ஒரே மருந்தை நாங்கள் இரட்டிப்பாகக் கொடுத்து வந்திருக்கிறோம்! கால் வீக்கமும் அதனால் வரக்கூடியது, தலைச்சுற்றலும் அதனால் வரக்கூடியது. மறுநாளே டாக்டரிடம் காட்டி ஒன்றை நிறுத்தினோம்.

என் கையாலேயே கொடுத்தேனே என்று நான் அழுதபோது அத்தை சொன்னார்கள்: "உன் தப்பு இல்லைம்மா. அந்தச் சனிக்கிழமை அரை மணி நேரம் யாராவது உங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்காருவதுதான் இங்கே என் வேலை."

அத்தையின் வேலை

கேஸ் மானேஜர் என்ற சொல்லில் கேஸ் என்பது ஒரு நோயாளியின் முழு நிலைமை. நர்ஸ் கேஸ் மானேஜர் ஊசி போடுவதில்லை, கட்டுக் கட்டுவதில்லை. ஒருவர் மருத்துவமனைக்குள் வந்த நாளிலிருந்தே, அவர் எப்படி வெளியே போவார் என்பதை எண்ணிப் பார்ப்பவர் அவர். வீட்டில் எத்தனை படி? குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? சமைப்பது யார்? மருந்துக் கடைக்கு யார் போவார்கள்? காப்பீடு எதற்கெல்லாம் பணம் தரும், எதற்குத் தராது? நேராக வீட்டுக்கு அனுப்பலாமா, சில வாரங்கள் பயிற்சி இல்லத்தில் வைக்க வேண்டுமா? இவற்றைக் கேட்டு, டாக்டர், உடற்பயிற்சி நிபுணர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர், காப்பீட்டு நிறுவனம், குடும்பத்தார் ஆகிய அனைவரையும் ஒரு நூலில் கோத்து, நோயாளி வீடு சேர்ந்த பின்னும் போன் செய்து, "மருந்து கிடைத்ததா? எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்று விசாரிப்பவர்.

இந்த வேலைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் லில்லியன் வால்டு என்னும் நர்ஸ். 1893-இல் நியூயார்க் நகரில், வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைப் பெண்களுக்கு அவர் வீட்டுப் பராமரிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சிறுமி வந்து, நோயுற்றுக் கிடந்த தன் தாயிடம் அவரை அழைத்துச் சென்றாள். பிள்ளை பெற்று இரத்தப்போக்கால் வாடிய அந்தத் தாயின் வீட்டைப் பார்த்ததே அவர் வாழ்க்கையை மாற்றியது. நோயை மட்டும் பார்த்தால் போதாது, நோயாளி வாழும் வீட்டையும் பார்க்க வேண்டும் என்று கண்டு, ஏழைகள் வாழ்ந்த பகுதியிலேயே குடியேறி, ஹென்றி தெரு இல்லம் என்ற சேவை நிலையத்தை நிறுவினார். 1909-இல் ஒரு பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தையே பேசி இணங்க வைத்து, அதன் சந்தாதாரர்களின் வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பச் செய்தார்.

நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட நல்ல சமாரியனையும் இங்கே நினைத்துப் பார்க்கிறேன். அவர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார், பார்த்துக்கொள்ள ஒருவரிடம் ஒப்படைத்தார், அதற்குப் பணம் கொடுத்தார், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். காயத்துக்கு மருந்து, வாகனம், தங்குமிடம், செலவு, மறுபடி வந்து பார்த்தல் என ஐந்தும் அந்த ஒரு கதையில் இருக்கின்றன. கட்டுப்போடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதுதானே அதன் பாடம்?

படிப்பு

அமெரிக்காவில் இந்த வேலைக்கு முதல் படி, பதிவு பெற்ற நர்ஸாக, அதாவது ஆர்.என். ஆக இருப்பது. அங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம் பெற்றும் ஆர்.என். ஆகலாம், நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றும் ஆகலாம். கேஸ் மானேஜர் வேலைக்கு நான்கு ஆண்டுப் பட்டத்தைப் பல மருத்துவமனைகள் விரும்புகின்றன. எந்த வழியில் படித்தாலும் என்கிளெக்ஸ் என்னும் தேர்வில் தேறினால்தான் உரிமம். அது கம்ப்யூட்டரில் நடப்பது. நாம் சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும். தவறினால் எளிதாக வரும். 2023 ஏப்ரல் முதல் நடக்கும் புதிய முறையில் குறைந்தது 85 கேள்விகள், மிகுந்தால் 150 கேள்விகள், நேரம் 5 மணி.

நம் நாட்டில் படித்தவர்களும் அந்தத் தேர்வை எழுதலாம். என் அத்தை அப்படித்தான் போனார்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, 17 வயதில் பி.எஸ்ஸி. நர்சிங்கில் சேர்ந்தார்கள். இது 4 ஆண்டுப் படிப்பு. இதைத் தவிர 3 ஆண்டு டிப்ளமா படிப்பும் உண்டு. அதை முடித்தவர்கள் பின்னர் 2 ஆண்டு படித்துப் பட்டமும் பெறலாம். முடித்தபின் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

நர்சிங்கில் பட்டப்படிப்பு என்பது ஏதோ அண்மையில் வந்ததென்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வளர்த்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1909-இலேயே நர்ஸ் பயிற்சி தொடங்கியது. 1946-இல் அது பட்டப்படிப்பாகவும் ஆயிற்று. நம் நாடு விடுதலை பெறும் முன்பே நம் தமிழ் மண்ணில் நர்சிங் பட்டம் இருந்திருக்கிறது! உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல், நுண்ணுயிரியல், மனநலம், மகப்பேறு, சமூக நலம் என்று அதில் உள்ள பாடங்களைக் கேட்டபோது, இதை "சுலபமான படிப்பு" என்று யார் சொன்னார்களோ என்று வியந்தேன்.

அனுபவம்

பட்டம் வாங்கியவுடன் கேஸ் மானேஜர் ஆகிவிட முடியுமா? முடியாது. என் கருத்தில் முடியவும் கூடாது.

அங்கே இதற்கென்று சான்றிதழ்கள் இருக்கின்றன. 1992-இல் ஏற்படுத்தப்பட்ட ஓர் ஆணையம் சி.சி.எம். என்ற சான்றிதழை வழங்குகிறது. அதைப் பெற, உரிமம் பெற்றிருப்பதோடு, இத்துறையில் முழுநேர அனுபவமும் வேண்டும். சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் 12 மாதம், அல்லது அத்தகைய மேற்பார்வை இல்லாமல் 24 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். பிறகு 180 கேள்விகள் கொண்ட 3 மணி நேரத் தேர்வு. அதில் தேறினாலும் வாழ்நாள் முழுதும் செல்லாது. 5 ஆண்டுக்கு ஒருமுறை, 80 மணி நேரம் மேற்கொண்டு படித்ததாகக் காட்டியோ, மறுபடி தேர்வு எழுதியோ புதுப்பிக்க வேண்டும். நர்ஸ்களுக்கு மட்டுமேயான இன்னொரு சான்றிதழும் உண்டு. அதற்கு 2 ஆண்டு முழுநேர ஆர்.என். அனுபவமும், கடைசி 3 ஆண்டுகளுக்குள் கேஸ் மானேஜ்மெண்ட் வேலையில் 2,000 மணி நேரமும், அத்துறையில் 30 மணி நேரத் தொடர்கல்வியும் வேண்டும்.

அத்தையின் கணக்கைக் கேளுங்கள். 17 வயதில் படிப்பில் சேர்ந்து 21-இல் முடித்தார்கள். 4 ஆண்டு தமிழ்நாட்டில் வார்டு வேலை. அதற்கிடையில் என்கிளெக்ஸ், விசா எல்லாம். 25 வயதில் ஹூஸ்டன் சென்று 5 ஆண்டு அங்கே வார்டு. 30 வயதில் கேஸ் மானேஜர் வேலை. 32-இல் சான்றிதழ். மொத்தம் 15 ஆண்டுகள். நான் பிறந்து இதுவரை உயிரோடிருந்த காலம் முழுவதும்!

"போனில் பேசுவதற்கு இத்தனை வருஷம் எதற்கு அத்தை?" என்று நான் கேட்டேன். அத்தை ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார்கள். இருதய நோயுள்ள ஒரு முதியவர் வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள். அத்தை போன் செய்தபோது, "நன்றாக இருக்கிறேன்" என்றாராம். "இரவு எங்கே தூங்கினீர்கள்?" என்று அத்தை கேட்டார்கள். "நாற்காலியில்" என்று பதில் வந்தது. உடனே அன்றைக்கே டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். இருதயம் சோர்ந்து நுரையீரலில் நீர் சேரத் தொடங்கினால் மனிதர் படுத்துத் தூங்க முடியாது, மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்குவார். இது பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவது புத்தகத்தால் வராது. இரவு இரண்டு மணிக்கு அப்படிப்பட்ட பலரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்த கைகளுக்குத்தான் அது தோன்றும்.

பட்ரீஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1984-இல் வெளியிட்ட நூலில், ஒரு நர்ஸ் ஐந்து படிகளைக் கடந்து வளர்வதாகக் கூறியுள்ளார். முதற்படியில் இருப்பவர் விதிகளைப் பார்த்து வேலை செய்வார். ஐந்தாம் படியில் இருப்பவர் நோயாளியைப் பார்த்தவுடனேயே எங்கே கோளாறு என்று உணர்வார். ஒரே வகையான வேலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தால்தான் நடுப்படிக்கே வர முடியுமாம். சமையலில் அம்மாவுக்கு உப்பின் அளவு கையிலேயே இருப்பதும், நமக்குக் கரண்டி தேவைப்படுவதும் இதனால்தானோ!

மறுத்துச் சொல்பவர்களுக்கு

சிலர், "இது அமெரிக்காவில் பணத்துக்காக ஏற்பட்ட வேலை, நமக்கெதற்கு?" என்று கேட்கலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அங்கே முதியோருக்கான மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு, 1983 முதல், இன்ன நோய்க்கு இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே நிர்ணயித்துக் கொடுக்கத் தொடங்கியது. நோயாளி அதிக நாள் தங்கினால் மருத்துவமனைக்கு நஷ்டம். ஆகவே சீக்கிரம் அனுப்பும் ஆவல் வந்தது. அனுப்புவதைத் திட்டமிட ஆட்களும் தேவைப்பட்டார்கள். பின்பு 2012 முதல், 30 நாட்களுக்குள் நோயாளிகள் அளவுக்கு மிஞ்சித் திரும்பி வந்து சேர்ந்தால் மருத்துவமனைக்குத் தரும் தொகையைக் குறைக்கத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் சீக்கிரம் அனுப்பு என்றும், மறுபக்கம் திரும்பி வரவிடாதே என்றும் இழுக்கும் இரண்டு கயிறுகளுக்கு நடுவே நிற்பவர் கேஸ் மானேஜர். அத்தையே இதை ஒளிக்கவில்லை. "கட்டில் காலியாக வேண்டும் என்று மேலிருந்து கேட்பார்கள். 'இந்த அம்மாவுக்கு வீட்டில் ஆள் இல்லை, நாளைவரை அனுப்ப முடியாது' என்று சொல்ல எனக்கு நாக்கு வேண்டும். அந்தத் தைரியம் என் உரிமத்திலிருந்து வருகிறது, வார்டில் இருந்த வருடங்களிலிருந்து வருகிறது" என்றார்கள். ஆகவே பணத்தால் பிறந்த வேலையாயினும், மனச்சாட்சியுள்ள நர்ஸ் அதில் இருந்தால் அது நோயாளிக்குக் காவலாகும். கணக்குப் பார்ப்பவர் மட்டும் இருந்தால் அது வெறும் கணக்காகும். இந்த நாற்காலியில் நர்ஸ்தான் உட்கார வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு இதுவே காரணம்.

நமக்கு இது அந்நியமானதும் அன்று. திருக்குறளில் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரையும் அவர் ஒரு கூறாக வைத்தார். நாம் மூன்றை மட்டும் கட்டிடம் கட்டி வைத்துக்கொண்டு, நான்காவதைச் சனிக்கிழமை மதியம் ஆளில்லாமல் விட்டுவிட்டோம். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க நர்ஸ்களும் இயன்முறை மருத்துவர்களும் வருகிறார்கள். வீட்டைத் தேடிப் போவது நம்மால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு நாளுக்குத்தான் இன்னும் ஆள் வேண்டும்.

என் கருத்து

இனி வீட்டுச் செய்தி. "பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் டாக்டருக்கு முயற்சி செய்யலாம். இல்லாவிட்டால் நர்ஸ் இருக்கவே இருக்கிறது" என்று என் அப்பா பல முறை சொல்லியிருக்கிறார்கள். என் தோழியர் பலர் வீட்டிலும் இதே பேச்சுத்தான். ஓட்டப் பந்தயத்தில் தோற்றவளுக்குக் கொடுக்கும் சோப்பு டப்பாவைப் போல நர்ஸ் படிப்பை நினைக்கிறார்கள். டாக்டராக முடியாதவர்கள் செய்யும் வேலை அன்று நர்ஸ் வேலை. அது வேறொரு வேலை. ஆச்சிக்கு எலும்பைச் சேர்த்தவர் டாக்டர். அவர் பணி பெரியது. ஆனால் சேர்ந்த எலும்போடு ஆச்சி மறுபடி தரையில் விழுந்தது, டாக்டர் இல்லாததால் அன்று. அனுபவமுள்ள ஒரு நர்ஸுக்கு எங்களோடு உட்கார அரை மணி நேரம் கிடைக்காததால்.

இரவு வேலையை எண்ணிப் பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. பெண்பிள்ளை இரவில் வேலைக்குப் போவதா, முன்பின் தெரியாதவரைத் தொட்டுக் கழுவுவதா, நாளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். ஆனால் நம் வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கும்போது, அந்த இரவு வேலைக்கு யாரோ ஒருவர் பெற்ற பெண் வந்திருக்கிறாள் என்றுதானே நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம்?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, பெற்றோர்களுக்கு. எங்களில் யாராவது நர்ஸ் ஆக வேண்டும் என்று சொன்னால், "ஏன், மார்க் குறைந்துவிடும் என்று பயமா?" என்று கேட்காதீர்கள். "15 ஆண்டு பொறுமை உனக்கு உண்டா?" என்று கேளுங்கள். அதுதான் சரியான கேள்வி.

இரண்டாவது, மருத்துவமனைகளை நடத்தும் பெரியோர்களுக்கு. அவர்களில் நம் சிஸ்டர்களின் சபைகளும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு நோயாளியோடும் அரை மணி நேரம் உட்கார, ஐந்தாறு ஆண்டு வார்டில் பழகிய ஒரு நர்ஸை, வேறு வேலை கொடுக்காமல், நியமியுங்கள். பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். மூன்றாம் நாள் ஒரு போன் செய்யட்டும். அந்த நர்ஸுக்குத் தகுந்த பதவியும் சம்பளமும் இருந்தால், அனுபவம் பெற்றவர்கள் எல்லாரும் விமானம் ஏற வேண்டிய அவசியமும் குறையும்.

மூன்றாவது, என் அன்புத் தோழியருக்கு. நாம் நர்ஸ் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் தாத்தா பாட்டியின் மாத்திரைகளை ஒரு தட்டில் வையுங்கள். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயர், அளவு, எந்த வேளை, எந்த டாக்டர் கொடுத்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்; உடனே டாக்டரிடம் கேளுங்கள். பத்து நிமிட வேலை. இதை நான் ஆகஸ்டு மாதமே செய்திருந்தால் என் ஆச்சி இன்று துணையில்லாமல் கோயிலுக்கு நடந்து போயிருப்பார்கள்.

வரும் ஜூன் மாதம் பிளஸ் ஒன்னில் உயிரியல் உள்ள பிரிவைக் கேட்கப் போகிறேன். நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்பது என் விருப்பம். மார்க் குறைந்தாலும் இதுதான், கூடினாலும் இதுதான். அப்பா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறார்கள். ஆச்சி மட்டும், "படி பிள்ளே. ஆனால் அந்தக் கேஸ் மானேஜர் வேலையை இங்கேயே வந்து பார்" என்கிறார்கள். அந்த வேலை இங்கே பிறப்பதற்குள் எனக்கு வேண்டிய படிப்பும் அனுபவமும் சேர்ந்திருக்க இறைவன் அருள்வாராக.